இருபத்துநாலு முடிச்சு வேகத்தில் கயித்தான் கல்யாணம்

சிப்பித்துறைக்காரர்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் என்னென்னவோ சொல்வார்கள். அதையெல்லாம் நம்ப வேண்டாம். நடந்தது அதைவிட மோசம்.

அவர்கள் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். தினமும் கடலைப் பார்ப்பார்கள், ஒருநாளும் அதில் போனதில்லை. கயித்தானுக்கு மணல்முனையில் கல்யாணம் வைத்த நேரம் பார்த்து, மழை சாலையை அடித்துக்கொண்டு போய்விட்டது. காலை பத்து மணிக்குள் மாப்பிள்ளை கோயிலுக்கு வராவிட்டால் பெண்ணை அவள் முறைமாப்பிள்ளைக்கே கட்டிவைத்துவிடுவேன் என்று மணப்பெண் கித்தேரியின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். திருவிழாவில் கித்தேரி தன்னைப் பார்த்துச் சிரித்த நாளிலிருந்தே கயித்தானுக்குச் சோறு இறங்கவில்லை. இதைக் கேட்டதும் தண்ணீரும் இறங்கவில்லை.

கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராயப்பு தன் பாய்மரத் தோணியைக் கொடுத்தார். "பன்னிரண்டு கடல் மைல். மூணு முடிச்சு வேகத்துல போனா நாலு மணி நேரம். காத்தும் உங்க பக்கம்தான். ஆறு மணிக்குக் கிளம்புங்க" என்றார். மணிக்கு ஒரு கடல் மைல் போவதைத்தான் கடல்காரர்கள் ஒரு முடிச்சு வேகம் என்பார்கள். அதை அவர் சொல்லவில்லை. இதுகூடவா தெரியாது என்று நினைத்துவிட்டார்.

கயித்தானின் பெரியப்பா சந்தியாகு தோணியில் ஏறியதும் பாய்க் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டார். தோணி நகர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். துடுப்பு எதற்கு என்று அதைக் கரையிலேயே போட்டுவிட்டார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் தொம்மை மாமாவுக்கு யோசனை வந்தது. "ஏன் அத்தான், ஆறு முடிச்சுப் போட்டா?"

"ரெண்டு மணி நேரம்."

"இருபத்துநாலு?"

பெரியப்பா விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். "அரை மணி."

"அப்ப நூறு போடுங்களேன்!"

"வேண்டாம்ப்பா. கிளம்புறதுக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துட்டா, பொண்ணு வீட்டுக்காரங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அது நியாயமாகப் பட்டது. இருபத்துநாலோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்நேரம் பார்த்துக் காற்றும் வலுத்தது. தோணி பறந்தது.

மணல்முனைக் கோயில் கோபுரம் தெரிந்தது. கரையில் கித்தேரி பட்டுச் சேலையில் நின்றாள். கயித்தான் எழுந்து கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். ஆட்டிய கை அப்படியே நிற்க, தோணி அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"பெரியப்பா, நிறுத்துங்க!"

பாயை இறக்கலாமென்றால் முடிச்சுகள் கப்பியில் சிக்கிக்கொண்டன. பெரியப்பா பதறவில்லை. "போட்ட வரிசையிலதான் அவிழ்க்கணும். ஒண்ணொண்ணா. திடீர்னு நின்னா தோணிக்கு நெஞ்சு வலிக்கும்" என்று நகத்தால் முதல் முடிச்சைக் கிள்ள ஆரம்பித்தார்.

கோபுரம் விரற்கடை அளவுக்குச் சிறுத்தது. கயித்தான் பாய்ந்து வந்தான். சீர்த்தட்டில் இருந்த பாக்குவெட்டியை எடுத்துக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினான். பாய் எல்லோர் தலையிலும் விழுந்தது. அதற்கடியிலிருந்து வெளியே வந்து, சீர்த் தாம்பாளங்களால் தண்ணீரைத் தள்ளித் தள்ளித் திரும்பினார்கள்.

அவர்கள் கோயிலுக்குள் நுழைந்தபோது மணி பத்தடித்துக்கொண்டிருந்தது. முறைமாப்பிள்ளை தலையைச் சீவிக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். பங்குச் சாமியார் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, தாலியைக் கயித்தானிடம் நீட்டினார். "மூணு முடிச்சுப் போடுப்பா" என்றார்.

சிப்பித்துறைக்காரர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பெண்ணோடு ஊர் திரும்பினார்கள். எதிர்க்காற்று. கடன் வாங்கிய துடுப்பைப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது. வீடு வந்து சேர ஏழு மணி நேரம் ஆயிற்று.

கரையில் இறங்கியதும் பெரியப்பா கவலையோடு சொன்னார்: "போகும்போது நாலு மணி நேரம். வரும்போது ஏழு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஊர் மூணு மணி நேர தூரம் தள்ளிப் போயிருக்கு" என்றார் தொம்மை மாமா.

கித்தேரி மெல்ல, "காத்து எதிர்த்து அடிச்சுதே மாமா, அதனாலதானே?" என்றாள்.

சின்னப்பெண், பாவம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னும் தள்ளிப் போவதற்குள் ஊரை நிறுத்தியாக வேண்டும். தோணியிலிருந்த நங்கூரத்தை எட்டுப் பேர் தூக்கிவந்து நடுத்தெருவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கடலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நங்கூரம் இல்லாத தோணி தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ!" என்று அலறினார் பெரியப்பா. "நங்கூரம் போட்டும் ஊர் ஓடுதே! எல்லாரும் மரத்தைப் பிடிச்சுக்கங்க!"

தெருவே தென்னைமரங்களில் தொற்றிக்கொண்டது. கயித்தான் மட்டும் கித்தேரியின் கையை இறுக்கிப் பிடித்தான்.

"நீ பயப்படாத. ஊர் கவிழ்ந்தாலும் எனக்கு நீச்சல் தெரியும்."