சாட்சி சொன்ன கோழிப்பேன்

கோழிப்பேன் சாட்சி சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எங்க ஊரில் சொன்னதே!

பண்ணைக்கார வரதப்பர், கூலிக்காரி அஞ்சலை வாசலில் வந்து குதித்தார். "உன் கோழிங்களாலதான் என் தேக்குக் கூண்டுல பேன்! ஏழு கோழியையும் இப்பவே அறுத்துடு!"

"அறுத்துடறேன் ஐயா. முதல்ல உங்க வெள்ளைத் துண்டைக் கொஞ்சம் கொடுங்க."

வாங்கித் தன் கூண்டில் கோழிகள் அடையும் கழிக்கு அடியில் தேய்த்தாள். பேன் அண்டாமலிருக்கத் தினமும் அவள் தூவும் சாம்பல்தான் ஒட்டியது. அடுத்து அவர் வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே ஊரும் ஓடியது! தேக்குக் கூண்டின் கட்டை இடுக்கில் தேய்த்தாள். அம்மாடி, துண்டெல்லாம் ரத்தப் புள்ளி!

"ராத்திரி கோழி ரத்தம் குடிச்ச பேன், பகலெல்லாம் இங்கேதான் ஒளிஞ்சிருக்கு ஐயா. இந்த இடுக்குல சுண்ணாம்பு பூசி எத்தனை வருஷமாச்சு?"

ஊரே கொல்லென்று சிரித்தது. வரதப்பர் கழுத்தைச் சொறிந்தபடி குரலைத் தாழ்த்தினார். "அஞ்சல, நீயே வந்து பூசிக் குடும்மா."