குளிர் இறங்கிப் போன மலை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் சடையாண்டி. எங்கள் மலை மடத்தின் சமையல்காரர். பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “காய்ச்சலக் கீழேருந்து கொண்டாந்தது இந்த ஆளுதான்.”

தங்கை மகன் கல்யாணத்துக்கு இறங்கிப் போய்த் திரும்பியிருந்தேன். கொஞ்ச நாளில் உலகநாதன் டெங்குக் காய்ச்சலில் விழுந்தார். மலையை விட்டு இறங்கியே அறியாத சாமியார். இப்போது அடிவார ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அன்றிலிருந்து என் இலையைத் தனியே வாசலோரம் போட்டார்கள். அமாவாசைக்குள் என்னை அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு. எனக்குப் போக வேறு இடமில்லை.

மடத்துத் தலைவி தாயம்மை. என்னைவிட வயதில் சின்னவர், என் குரு. விடிந்ததும் அவரிடம் போனேன்.

“தாயே, எனக்குக் காய்ச்சலே வரல. நான் எப்படிக் கொண்டாந்திருப்பேன்?”

அவர் எழுந்து முற்றத்துக் கல்தொட்டிக்கு நடந்தார். பறவைகளுக்கான தண்ணீர். அது வற்றவே கூடாது என்பது மடத்து நியமம். கொட்டிக் கழுவ மாட்டோம். குறையக் குறைய மேலே ஊற்றுவதோடு சரி. ஊற்றுகிறவர் சடையாண்டி.

“குனிஞ்சு பாருங்க.”

நூல் துணுக்குகள் போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து அடியில் ஒளிந்தன. அவர் ஒன்றை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார். கண்ணாடி உடம்பு. உள்ளே ஏதோ துடித்தது. கொஞ்ச நேரம் என் கோபம்கூட மறந்துபோயிற்று.

“கொசுப்புழு,” என்றார்.

“பாத்தீங்களா! சடையாண்டி வளத்த புள்ளைங்க!”

“தொட்டி எங்க குருவுக்கும் முந்தினது. ஊத்துற பழக்கமும் அப்பலேருந்தே இருக்கு. அப்ப ஏன் புழு இல்ல?”

நான் மறுபடி தொட்டிக்குள் குனிந்தேன். அவரே சொன்னார்:

“காய்ச்சக்காரங்க அப்பவும் மலையேறி வந்தாங்க. படுத்தாங்க, தேறி இறங்கினாங்க. ஒருத்தர் காய்ச்சல இன்னொருத்தருக்கு எடுத்துட்டுப் போக இங்க கொசு இல்ல. லாரியில ஒண்டி வந்த கொசுவெல்லாம் குளிர்ல செத்துச்சு.”

“இப்ப?”

“கல்லத் தொடுங்க, பெரியவரே.”

மார்கழி விடியல். முன்பெல்லாம் அந்தக் கல்லில் விரல் வைத்தால் குளிர் எலும்பு வரை ஏறும். தொட்டேன். கல் சும்மா இருந்தது.

நிமிர்ந்து மலையைப் பார்த்தேன். அதே மலைதான். அதைக் காவல் காத்த ஒன்று மட்டும், யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போயிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தாயம்மை தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினார். மடத்தில் யாரும் செய்யாத காரியம். தண்ணீர் வடிந்ததும் தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்க்கத் தொடங்கினார்.

“நீங்க எங்கயும் போக வேணாம். நான் சொல்லிடுறேன்.”

“அப்ப சடையாண்டி என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்ல?”

“கேக்கணும்.”

“எப்ப?”

தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “இந்தக் குளிர வெரட்டினவங்க எல்லாரும் கேக்கணும். உலகமே வரிசையில நிக்குது. சடையாண்டி அதுல கடைசி ஆளு.”

சடையாண்டி இன்னும் வரவில்லை.