மூன்றடுக்குக் கேக்கும் முன்பல்லும்

தூத்துக்குடியில் உப்பளத்து முதலாளி மோசஸ் தங்கசாமி என்றால் காற்றும் கைகட்டி நிற்கும். இளைய மகள் கல்யாணத்துக்கு அவர் கேக் கடைக்காரரிடம் மூன்றடுக்குக் கேக் கேட்டார்.

"உள்ளே தின்ன முடியாதது எதுவும் இருக்கக்கூடாது. மூத்தவ கல்யாணத்தில கேக்குக்குள்ள இருந்த குச்சியைக் கடிச்சு என் முன்பல்லு ரெண்டும் போச்சு. இந்தத் தடவை குச்சியோ அட்டையோ கண்ணுல பட்டா, கடையைக் காலி பண்ணிரணும் ஓய். கட்டடம் என்னோடது."

உள்ளே குச்சியும் அட்டையும் தாங்காவிட்டால் மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்துவிடும். கேக் மாஸ்டர் அன்றைக்கே காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். கடையில் தட்டு கழுவும் பிலோமி, "நான் அடுக்குறேன் அண்ணாச்சி" என்றாள் கடைக்காரரிடம். அதுவரை அவள் அடுக்கியதெல்லாம் கழுவிய தட்டுகள்தான்.

மண்டபத்தில் கேக் வெள்ளைக் கோபுரமாய் நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் பிலோமியும் அப்படியே நின்றாள்.

மணமக்களின் கத்தி உள்ளே இறங்கி எதிலோ முட்டியது.

"குச்சி!" என்று கடைக்காரரைப் பார்த்துக் கத்தினார் முதலாளி. "தட்டு கழுவுறவளுக்கு இந்த வேலை எதுக்கு? கடையைக் காலி பண்ணும் ஓய்!"

பிலோமி அதை உருவி, நறுக்கென்று கடித்து, சாறு வழிய மென்றாள்.

"தோல் சீவின கரும்பு, முதலாளி. அட்டைக்குப் பதிலா கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பாளம்."

"இதையெல்லாம் எவன் கடிப்பான்?"

"பல்லு உள்ளவங்க கடிப்பாங்க, முதலாளி."

மண்டபமே சிரித்தது. "அக்கா, எனக்கொரு துண்டு" என்று முதலில் கை நீட்டியவள் மணப்பெண்.

மறுநாள் கடைக்காரர் பிலோமியைக் கேக் மேசைக்கு அனுப்பிவிட்டு, தட்டு கழுவ வேறு ஆள் தேடினார்.