தமாஸ் பின்வாங்கிய கதை

கப்பல்கள் நட்சத்திரங்களை நம்பிக் கரை சேர்ந்த காலம் அது. மேற்கே, மத்தியதரைக் கடலின் ஓரத்தில், மெலானா என்றொரு சின்ன நகரம் இருந்தது. நல்ல மதில் இருந்தது, ஒலிவத் தோப்பு இருந்தது, வலை நிறைய மீன் இருந்தது. பக்கத்திலேயே பெலோரா என்ற பெரிய நகரமும் இருந்தது. அதுதான் மெலானாவைப் பிடித்த சனி.

ஒரு கோடையில் பெலோராவின் ராஜா படையோடு வந்து இறங்கினான். "கோட்டைச் சாவியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் பிள்ளைகளை அடிமைச் சந்தையில் வந்து பாருங்கள்" என்று ஆள் அனுப்பினான். மெலானாவின் தளபதி பிராக்ஸன், வந்தவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பதில் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொட்டாவி விடாமல் கேளுங்கள். இது புரியாவிட்டால் கதையே புரியாது.

அந்த நாட்டு வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி, வரிசையாக நின்றுதான் சண்டை போடுவார்கள். வலது கையில் ஈட்டி, இடது கையில் பெரிய வட்டக் கேடயம். அந்தக் கேடயத்தில் பாதி அவனை மறைக்கும். மறுபாதி, அவனுக்கு இடப்பக்கம் நிற்பவனை மறைக்கும். ஆக, ஒவ்வொருவனுடைய வலப்பக்கத்தையும் காப்பது அடுத்தவனுடைய கேடயம்தான். வலது ஓரத்தில் கடைசியாக நிற்பவனுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவனுக்கு வலப்பக்கத்தில் வெறும் காற்று.

அவன் பயந்து ஓர் அடி வெளியே ஒதுங்கினால் போதும். அவன் கேடயத்தைத் தேடி அடுத்தவன் ஒதுங்குவான், அவனைத் தேடி அதற்கடுத்தவன் ஒதுங்குவான், வரிசை முழுக்க நழுவி நடுவில் ஓட்டை விழும். அதனால்தான் அந்த ஊர்களில் வலது ஓரத்தில் நிற்பது பெரிய மரியாதை.

மெலானாவில் அந்த இடம் தமாஸின் குடும்பத்துக்கு உரியது. அவன் தாத்தா அங்கே நின்றார், அப்பா நின்றார், இப்போது அவன் நின்றான். தலைக்கவசத்தில் வெள்ளைக் குதிரைவால் சூடும் உரிமை அந்த வீட்டுக்கு மட்டும்தான். நல்ல மனிதன், ஆனால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. "எங்கள் வீட்டில் பின்னால் அடி வைத்தவன் கிடையாது" என்று சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

போர் நாள் காலையில் பிராக்ஸன் தன் ஆட்களைக் கூட்டினார்.

"ராஜாவும் அவனுடைய நல்ல வீரர்களும் அவர்கள் படையின் வலப்பக்கத்தில் நிற்கிறார்கள். நம் இடப்பக்கம்தான் அவர்களுக்கு நேர் எதிரே வரும். ஒவ்வொரு தடவையும் அங்கே இருப்பதிலேயே சோதாவான ஆட்களை நிறுத்துகிறோம், ஒவ்வொரு தடவையும் தோற்கிறோம். இந்தத் தடவை நம் பலம் முழுவதையும் இடப்பக்கத்தில் குவிக்கிறேன். ராஜா விழுந்தால் படை விழும்."

"அப்படியானால் வலப்பக்கத்தில் யார்?" என்று தமாஸ் கேட்டான்.

"குயவர்கள், மீனவர்கள், தோப்புக் காவல்காரர்கள். மோதினால் உடைந்துவிடுவார்கள். அதனால் மோதக் கூடாது. எதிரி நெருங்க நெருங்க, வரிசை கலையாமல், முதுகைக் காட்டாமல், பின்வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இடப்பக்கம் வேலையை முடிக்கும்வரை."

"அவர்களை யார் நடத்துவது?"

"வலது ஓரம் உன் இடம்தானே, தமாஸ். அதை நான் பிடுங்கவில்லை."

தமாஸின் முகம் சிவந்தது. "பின்வாங்குவதற்கு ஒரு கோழையைப் பாருங்கள், தளபதி."

"கோழைக்குப் பின்வாங்கத் தெரியாது. அவன் திரும்பி ஓடுவான். வலப்பக்கம் வெறும் காற்றோடு, நேராகப் பின்னால் நடக்கக்கூடியவன் என்னிடம் நீ ஒருவன்தான். மாட்டேன் என்றால் சொல். சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்."

 தமாஸ் கேடயத்தை எடுத்துக்கொண்டு குயவர்கள் நின்ற பக்கம் நடந்தான்.

ஊரே மதில்மேல் ஏறி நின்றது. தமாஸின் மனைவி கலிஸ்தாவும் நின்றாள். கொம்பு ஊதினார்கள். இரண்டு படைகளும் நெருங்கின.

எதிரி பாய்ந்து வந்தான். தமாஸ் தன் வரிசையை அத்திமரம் வரை பின்னால் கொண்டுவந்தான். எதிரிகள் சிரித்தார்கள்.

மறுபடியும் பாய்ந்து வந்தான். தமாஸ் வறண்ட ஓடை வரை பின்வாங்கினான். "வெள்ளைவால் கோழி!" என்று எதிரிகள் கத்தினார்கள். எங்கிருந்தோ வந்த ஈட்டி அவனுடைய வலது விலாவைக் கிழித்தது. இடப்பக்கம் நின்ற மேனோன் என்ற குயவன், "ஐயா, ரத்தம் கொட்டுகிறது. கொஞ்சம் வெளியே ஒதுங்கிக்கொள்ளுங்கள்" என்றான்.

"நான் ஒதுங்கினால் நீயும் ஒதுங்குவாய். நேராக நட" என்றான் தமாஸ்.

மூன்றாவது முறையும் எதிரி பாய்ந்து வந்தான். தமாஸ் மதில் நிழல் வரை பின்வாங்கினான். அதற்குமேல் பின்னால் இடமில்லை. "உன் வீட்டுக்காரர்தானே அவர்?" என்று மதில்மேல் கலிஸ்தாவின் பக்கத்தில் நின்ற ஒருத்தி கேட்டாள். கலிஸ்தா ஆமாம் என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துரத்தி வந்த குஷியில் எதிரிகளின் வரிசை எப்போதோ கிழிந்துபோயிருந்தது. முந்தியவன் முந்த, பிந்தியவன் பிந்த, சந்தைக்குப் போகும் கூட்டம்போல வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குப் பின்னால் பெரிய கூச்சல் எழுந்தது. மெலானாவின் இடப்பக்கம் ராஜாவின் வீரர்களை இடித்துத் தள்ளிவிட்டது. ராஜா விழுந்துவிட்டான். திரும்பிப் பார்த்தவர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தமாஸ் அப்போதுதான் உட்கார்ந்தான்.

மெலானாவில் ஒரு வழக்கம். எதிரியின் படைக்குள் அதிக தூரம் முன்னேறியவன் யாரோ, அவனுக்கு ஒலிவ இலை மகுடம் சூட்டுவார்கள். அன்றைக்கு ஊரார் அதை, இடப்பக்கத்தை நடத்திச் சென்ற பிராக்ஸனின் தலையில் வைத்தார்கள். அவர் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மதிலோரம் போனார். அங்கே தமாஸின் விலாவுக்கு மேனோன் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் முன்னால் போனேன். எனக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது, கேடயம் இருந்தது. இவனுக்கு என்ன இருந்தது?" என்று ஊராரைக் கேட்டார்.  மகுடத்தைத் தமாஸின் தலையில் வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு கலிஸ்தா வந்து கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் தடவை பார்த்தேன், இரண்டாவது தடவையும் பார்த்தேன். மூன்றாவது தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டேன்" என்றாள். 

"தெரியும். மதில்மேலிருந்து என் முன்னால் விழுந்த உன் நிழல் திரும்பியதைப் பார்த்தேன்" என்றான் தமாஸ். "விலாவில் குத்தியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை."

கேட்டுக்கொண்டீர்களா? ஊர் பிழைப்பதற்காகத் தன் பெயர் கெட்டாலும் கெடட்டும் என்று, தனக்கு இட்ட இடத்தை விட்டு விலகாமல் நிற்பவனே வீரர்களில் பெரிய வீரன்.