மிதித்ததும் வராத வேகம்

"வண்டி சொன்ன பேச்சு கேக்கலை டீச்சர்," என்றார் தனபாலன்.

சேலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ரெபேக்கா டீச்சர், அவரைவிடப் பத்து வயது இளையவர். ஏற்காட்டு மலைப்பாதை டீச்சருக்குக் கைரேகை மாதிரி.

"என்ன பண்ணுது?"

"வளைவுல மிதிச்சா கல்லு மாதிரி கிடக்குது. இன்னும் மிதிச்சா கயித்தை அத்துக்கிட்ட கன்னுக்குட்டியா பாயுது. டர்போ வண்டின்னு ஆசையா வாங்கினேன். என் சம்சாரம் பாதி மலையில இறங்கி பஸ் ஏறிட்டா. அன்னிலேருந்து வண்டிப் பக்கமே வர்றதில்லை. எத்தனை தடவை கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்கறா."

மனைவி தமயந்தி இல்லாத முன்சீட்டைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"மிதிச்சதும் ஏன் வரலை?"

டீச்சர் வாயைத் திறந்தார்.

"இன்ஜின் கோளாறா?"

டீச்சர் மறுபடி திறந்தார்.

"இல்ல, எனக்குத்தான் மிதிக்கத் தெரியலையா? சொல்லுங்களேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். "இன்ஜின் விடற புகைதான் டர்போவைச் சுத்த வைக்கும். அது சுத்திக் காத்தை உள்ள தள்ளினாத்தான் வேகம். அதுக்குச் செத்த நேரம் ஆகும். அந்த நேரத்துல நீங்க என்ன பண்றீங்க?"

"இன்னும் மிதிக்கறேன்."

"நாளைக்கு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"வர மாட்டா."

"நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

மறுநாள் காலை தமயந்தி வந்தாள். டீச்சருக்காகத்தான் வந்தேன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தாள். டீச்சர் பின்னால்.

முதல் வளைவு.

"கியரை ஒண்ணு இறக்குங்க. மெதுவா மிதிங்க. மிதிச்ச காலை அப்படியே வைங்க."

வண்டி யோசித்தது. தனபாலனின் கால் துடித்தது. வைத்த இடத்திலேயே வைத்திருந்தார். வண்டி பதவிசாக ஏறியது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பாவம். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் அவருக்கு.

"இன்னும் கோவமா?" என்று கேட்டார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி கேட்க அவர் வாயெடுத்தார். கண்ணாடியில் டீச்சர் உதட்டில் விரல் வைத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கேள்வியை ஒரே தடவையோடு விட்டது கிடையாது. இன்று விட்டார்.

இன்னொரு வளைவு வந்து, போனது.

"பஸ்ஸை விட்டு இறங்கறப்பவே கோவம் போயிடுச்சு," என்றாள் தமயந்தி. "நீங்க எங்க சொல்ல விட்டீங்க."