பட்டன், பட்டன், பட்டன்

குரு சொன்னா சிஷ்யை தலையாட்டணும்கிற கட்சியில ஆவுடை எந்தக் காலத்துலயும் சேரல. அவ சண்டைக் கட்சி.

தூத்துக்குடியில, டயர் கடைக்கு மேல ஒரு ரெக்கார்டிங் ரூம். அங்க இன்னாசிதான் மாஸ்டர். கோயில் கொடைக்குப் போடுற வில்லுப்பாட்டு, ஞாயித்துக்கிழமை ஜெபப் பாட்டு, ஆட்டோவுல மைக் கட்டிக் கத்திக்கிட்டே போற நகைக்கடை விளம்பரம், எல்லாம் அவர் கையிலதான் உருவாகும். மாஸ்டருக்குக் கண்ணு தெரியாது. ஆவுடைக்கும் தெரியாது. வயசுல அவதான் மூத்தவ. அதனால குரு சிஷ்யைய அக்கான்னு கூப்பிடுவாரு, சிஷ்யை குருவ மாஸ்டர்னு கூப்பிடுவா. அவ குடுக்குற மரியாதை அந்த ஒரு சொல்லோட சரி.

அன்னிக்கி மதுரை பஸ்ஸுல வந்து எறங்குனவ படியேறி வந்ததும் மூச்சுகூட வாங்காம கேட்டா.

"மாஸ்டர், உங்க கம்ப்யூட்டர் மட்டும் ஏன் பேசுது?"

ஹெட்போனக் கழட்டி மேசையில வைக்கிற சத்தம்.

"எல்லாக் கம்ப்யூட்டரும் பேசுமேக்கா."

"பேசாது. மதுரை ரேடியோவுல பேசல."

ரேடியோ ஸ்டேஷன்ல எடிட்டிங் வேலை ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு டெஸ்ட் வச்சாங்க. இங்க இருக்கிற அதே 'இசைக்கூடு' சாஃப்ட்வேர். திரையில இருக்கிறத வாசிச்சுச் சொல்லுற அதே ஸ்கிரீன் ரீடர். ஆவுடை கெத்தாத்தான் போய் உக்காந்தா. வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது, கத்துக்கிட்டது பூரா மாஸ்டர் ரூம்லதான். இங்க கீபோர்டுல டேப் கீய அழுத்துனா அந்தக் குரல் ஒவ்வொண்ணாச் சொல்லும். எதிரொலிக்குக் "கோயில்". ஏறி எறங்குற சத்தத்த ஒரே மட்டமாக்குறதுக்கு "அமுக்கி". ஒரு வாத்தியத்த நிறுத்துறதுக்கு "வாயப் பொத்து".

மதுரையில டேப்ப அழுத்துனா.

"பட்டன்."

இன்னொரு தடவை.

"பட்டன்."

கடைசி வரைக்கும் பட்டன், பட்டன், பட்டன். எந்தப் பட்டன், எதுக்கான பட்டன், ஒண்ணும் சொல்லல. சத்தத்தக் கூட்டலாம்னு அம்புக்குறி கீய அழுத்துனா அது அசையவே இல்ல. மவுஸப் புடிச்சு இழுத்தாத்தான் அசையுமாம்.

"டெஸ்ட் வச்ச மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? 'கண்ணு தெரியாதவங்களுக்கு ரொம்ப சுலபம்னு இசைக்கூடு கம்பெனிக்காரங்க வெப்சைட்லயே போட்டிருக்காங்களேம்மா, தூத்துக்குடி இன்னாசின்னு ஒருத்தர் சொல்லியிருக்காரே. நல்லாப் பழகிட்டு அடுத்த மாசம் வாங்க'ன்னு சொன்னாங்க. பழகிட்டு வரணுமாம். நானு!"

ஆவுடை மேசைய ஒரு தட்டு தட்டுனா.

"உங்க பேரு அங்க என்ன பண்ணுது?"

"போன வருசம் கம்பெனியில இருந்து ஒருத்தர் வந்தாரு. எப்படி ஓடுதுன்னு கேட்டாரு. நல்லா ஓடுதுன்னேன்."

"அதுக்கு என்ன குடுத்தாங்க?"

"அல்வா."

"வெளையாடாதிய மாஸ்டர்."

"நெசமாத்தான். திருநெல்வேலி வழியா வந்தாராம்."

ஆவுடைக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. பேசுற சாஃப்ட்வேர உங்களுக்கு மட்டும் தனியாக் குடுத்திருக்காங்க. அதுலயே எனக்கும் சொல்லிக் குடுத்திருக்கிய. வெளிய எங்க போனாலும் நான் முழிக்கணும், திரும்ப இங்கயே வந்து உங்களுக்கு எடுபிடியா நிக்கணும். அதான?"

மாஸ்டர் எந்திரிக்கிற சத்தம்.

"டீ குடிச்சியளாக்கா?"

தப்பு செஞ்சவன்தான் டீயப் பத்திப் பேசுவான்னு ஆவுடை முடிவு பண்ணிட்டா.

அதுக்கப்புறம் வந்த நாளெல்லாம் அவ காதத் தீட்டி வச்சுக்கிட்டுத்தான் இருந்தா. மாஸ்டர் போக்கே மாறிப்போச்சு. எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டு அலற விடுறவரு, ஹெட்போனக் கழட்டுறதே இல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் வேற. அவ கதவுல காத வச்சுக் கேட்டா. ஒரு கீ தட்டுற சத்தம். சும்மா இருக்காரு. மறுபடி ஒரு தட்டு. பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல. பாட்டு இல்லாம ரெக்கார்டிங் ரூம்ல ஒரு மனுசனுக்கு அப்படி என்ன வேலை?

ஒருநாள் போன் பேசுறது கேட்டுச்சு.

"வாங்க சார். கேமராவோட வாங்க. ஆளு தயாரா இருக்கு."

எந்த ஆளுன்னு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. என்னைய உக்கார வச்சுப் படம் புடிச்சு, 'பாருங்க, இவளே ஓட்டுறா'ன்னு காட்டப் போறானுவ. காட்டட்டும். கேமராவுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் நாறடிக்கிறேன். என்ன பேசணும்னு பஸ்ஸுல வரும்போதெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே வந்தா. பக்கத்து சீட்டுக்காரம்மா ஜெபம் பண்ணுதான்னு நெனச்சு நகந்து எடம் விட்டுச்சு.

கம்பெனிக்காரர் பேரு நிரஞ்சன். கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனுசன் மாதிரித்தான் பேசுனாரு, அதுவே ஆவுடைக்குப் புடிக்கல.

"மாஸ்டர், இந்தத் தடவையும் அல்வாதான். ரெண்டு நிமிஷ வீடியோ போதும் சார், நீங்க எப்பவும் போல வேலை செய்யுங்க."

"நான் வேண்டாம் சார். அக்கா உக்காருவாங்க."

ஆவுடை நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. மனப்பாடம் பண்ணுனது தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. முதல்ல ஓட்டிக் காட்டுவோம், அப்புறம் கிழிப்போம்னு டேப்ப அழுத்துனா.

"பட்டன்."

கை தவறிருச்சோன்னு மறுபடி அழுத்துனா.

"பட்டன்."

"கோயில் எங்க?" அவளையும் அறியாம கேட்டா. அம்புக்குறிய அழுத்துனா. அசையல.

நிரஞ்சன் கிட்ட வந்து குனிஞ்சாரு.

"என்னாச்சு? போன வருஷம் எல்லாத்தையும் சொல்லுச்சே. வாயப் பொத்துன்னு ஒண்ணு சொல்லுமே, ஆபீஸ்ல அதப் போட்டுக் காட்டி எல்லாரும் சிரிச்சோம்."

"அது உங்க சாஃப்ட்வேர் சொன்னதுன்னா நெனச்சிய?" மாஸ்டர் கேட்டாரு.

"பின்ன?"

"பேரெல்லாம் நான் வச்சது சார். பக்கத்துல ஒரு ஆள வச்சுக்கிட்டு, இது என்ன படம், இது எதுக்குன்னு கேட்டுக் கேட்டு ஸ்கிரீன் ரீடருக்குள்ள எழுதி வச்சேன். அம்புக்குறி கீயில சத்தம் ஏறுறதும் நானே கட்டுனதுதான்."

"சரி, அதெல்லாம் இப்ப எங்க?"

"அழிச்சுட்டேன்."

நிரஞ்சன் தொண்டையச் செருமுனாரு.

"பரவால்ல சார், சமாளிச்சுக்கலாம். மேடம் கைய கீபோர்டுல வச்சிருக்கட்டும். நான் இந்தப் பக்கம் நின்னு மவுஸ்ல கிளிக் பண்றேன். வீடியோல தெரியாது."

மனப்பாடம் பண்ணுனது பூரா ஆவுடைக்கு மறந்துபோச்சு. அதவிட நல்லதா ஒண்ணு வாயில வந்துச்சு.

"மதுரைக்கும் வருவியளா? அடுத்த மாசம் எனக்கு டெஸ்ட் இருக்கு. மேசைக்கு அடியில உக்காந்து கிளிக் பண்ணிக் குடுப்பியளா?"

நிரஞ்சன் மவுஸ மேசையிலயே விட்டுட்டாரு.

"கேமராவ மடக்கிட்டு நாக்காலியப் போட்டு உக்காருங்க. நான் டேப் அடிக்கேன். ஒவ்வொண்ணும் என்னன்னு நீங்க சொல்லுங்க."

உக்காந்தாரு.

"பட்டன்"னுச்சு குரல்.

"இது எக்கோ."

"பட்டன்."

"இது கம்ப்ரெஸர்."

"பட்டன்."

"இது... மியூட்."

"வாயப் பொத்து"ன்னா ஆவுடை. இப்ப யாரும் சிரிக்கல.

போகப் போக நிரஞ்சன் குரல் எறங்கிக்கிட்டே போச்சு. ஒரு பட்டன்ல நின்னுட்டாரு.

"இது... தெரியல மேடம். படத்தப் பாத்தா எனக்கே புரியல."

"கண்ணு நல்லாத் தெரியும்ல உங்களுக்கு?"

அவர் எந்திரிச்சு மாடிப்படிக்குப் போய் போன் போட்டாரு. உள்ள வரைக்கும் கேட்டுச்சு.

"இல்ல சார், வீடியோ இல்ல. இங்க எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்... ஒண்ணுகூட பேசல... ஆமா, என் தப்புதான், அவர் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் பாத்தோம்... மதுரையில ஒருத்தங்களுக்கு அடுத்த மாசம் டெஸ்ட் இருக்கு, அதுக்கு முன்னாடி சரி பண்ணி முடிச்சாகணும் சார். முதல்ல அந்த வெப்சைட்ல இருக்கறத எடுங்க."

ஆவுடை நாக்காலியத் திருப்பி மாஸ்டர் பக்கம் உக்காந்தா.

"கதவப் பூட்டிக்கிட்டு இதத்தான் பண்ணுனியளா?"

"ஆமா."

"ஒண்ணொண்ணாவா?"

"ஒவ்வொண்ணையும் ஒரு தடவை கேட்டுட்டு அழிச்சேன்க்கா."

"காப்பி இருக்கா?"

"இல்ல."

"சாயங்காலம் நகைக்கடை விளம்பரம் குடுக்கணுமே?"

"கடைக்காரர் கத்துவாரு."

சாதாரணமாச் சொன்னாரு. அதுதான் அவளுக்கு இன்னும் ஏறுச்சு.

"உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா மாஸ்டர்? அந்தப் பேரையெல்லாம் ஒரு பென்டிரைவ்ல போட்டு என் கையில குடுத்திருந்தா, மதுரையில போட்டு ஓட்டியிருப்பேன். வேலை கெடச்சிருக்கும். உங்க உழைப்பும் வீணாப் போயிருக்காது. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியளா? எனக்கு ஏன் குடுக்கல?"

மாஸ்டர் அல்வாப் பொட்டலத்தத் தடவி எடுத்து, நூலப் பிரிச்சு, அவ பக்கம் நகத்தி வச்சாரு.

"குடுத்திருந்தா, அடுத்த வருசம் அவரு கேமராவத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு உங்களத் தேடி வந்திருப்பாருக்கா."