தண்ணீர் மொண்ட மூங்கில் கூடை

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்கு இப்போதே கவலை. இதில் கூடைகள் வரும். மூன்று. மூன்றே மூன்று. வாய் தவறி நான்கு என்று வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுங்கள், மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சரி, கேளுங்கள்.

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தான். எதிரிப் படைக்குப் பயப்பட மாட்டான். புலிக்குப் பயப்பட மாட்டான். இடிக்கும் பயப்பட மாட்டான். ராணிக்கு மட்டும் பயப்படுவான்.

அந்த ராணிக்கு ஒரு தம்பி, வல்லபன். வேறு எதற்கும் லாயக்கில்லாததால் அவனை அரண்மனைக் குளத்துக்கு அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். காலையில் குளத்தில் காலை நனைப்பான். மத்தியானம் நனைப்பான். சாயங்காலமும் நனைப்பான். அதுதான் உத்தியோகம்.

அதே ஊரில் கூடை முடைகிறவர்களின் தெரு ஒன்று இருந்தது. அங்கே சடைச்சி என்று ஒருத்தி. காலில் முள் தைத்தால், அது எந்த மரத்து முள் என்று தேடிப் பிடிக்காமல் வீடு திரும்பாத பிடிவாதக்காரி.

ஒரு கோடையில் தெருக் கிணறு வற்றிப்போனது. ஆற்று மணலில் காலையெல்லாம் ஊற்றுத் தோண்டினால் ஒரு செம்பு கலங்கல் கிடைக்கும். பிள்ளைகள் ஈரமண்ணை உருட்டி நெற்றியில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தன. அரண்மனைக் குளத்தில் மட்டும் தண்ணீர் தளும்பியது. ராஜா நல்லவன். "குளத்துக்கு வருகிற யாரையும் தண்ணீர் இல்லை என்று அனுப்பக் கூடாது" என்று பறையறையச் சொன்னான்.

வல்லபனுக்கு வயிறு எரிந்தது. குடத்தோடு வந்த பெண்களைப் படியிலேயே மறித்தான்.

"நீங்க கூடை முடையிறவங்கதானே? கூடையிலயே மொண்டுட்டுப் போங்க. எவ்வளவு வேணும்னாலும் மொண்டுக்கோங்க. நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே!"

காவல்காரர்கள் சிரித்தார்கள். பெண்கள் மண்ணை வாரித் தூற்றிவிட்டுத் திரும்பினார்கள். சடைச்சி மட்டும் நின்றாள்.

"மூங்கில் கூடைதானே சாமி?"

"மூங்கில் கூடைதான். உள்ளே குடம் கிடம் வைக்கக் கூடாது."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"போடி, போ!"

வீட்டில் அவள் புருஷன் மருதன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏழு தலைமுறையா முடையிறோம். எவன் கூடையிலடி தண்ணி நின்னுச்சு?"

"ஏழு தலைமுறையில எவன் நிக்க வச்சுப் பார்த்தான், அதைச் சொல்லு."

மருதன் அரிவாளை எடுத்துக்கொண்டு மூங்கில் வெட்டப் போய்விட்டான்.

முதல் கூடையை ஐந்து நாளில் முடைந்தாள். குளத்தில் மொண்டாள், தலையில் வைத்தாள், ஓடினாள். ஆறு படி ஏறுவதற்குள் கூடை காலி. வல்லபன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே காலை நனைக்க இறங்கியவன், அவள் சிந்திய ஈரத்தில் வழுக்கி, உட்கார்ந்தபடியே கடைசிப் படிவரை போய்ச் சேர்ந்தான். காவல்காரர்கள் மேகம் பார்ப்பதுபோல் அண்ணாந்து நின்றுகொண்டார்கள்.

இரண்டாவது கூடைக்கு ஒன்பது நாள். மூங்கிலைப் பிளந்த பிளாச்சை மயிரிழையாகச் சீவி, இரட்டைப் பின்னலாக முடைந்தாள். இந்தத் தடவை தண்ணீர் பாதி வழி வந்தது. மீதி வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒழுகிச் சேறானது. வல்லபன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே பல்லக்கில் ஏறினான். பல்லக்குத் தூக்கிகளுக்குச் சேற்றில் கால் நிற்கவில்லை. பட்டு அங்கவஸ்திரத்தோடு சேற்றில் உட்கார்ந்தான்.

அப்படியே ராஜாவிடம் ஓடினான். "அத்தான்! அந்தக் கூடைக்காரி ஊரைச் சேறாக்குகிறாள். அடுத்த கூடையிலும் தண்ணீர் நிற்காவிட்டால் அந்தத் தெருவே ஊரைக் காலி செய்ய வேண்டும்!"

ராஜா ராணியின் முகத்தைப் பார்த்தான். ராணி தம்பியின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராஜா பெருமூச்சு விட்டு, "பத்து நாள் தவணை" என்றான்.

இது தெருவுக்குத் தெரிந்ததும் பக்கத்து வீட்டுக் காத்தாயி சடைச்சியின் வாசலில் வந்து நின்று கத்தினாள். "தாகத்தோட கிடந்தாலும் சொந்த ஊர்ல கிடந்தோமேடி! உன் வீம்புக்கு நாங்களும் மூட்டை கட்டணுமா?"

சடைச்சிக்கும் பயம்தான். ஆனாலும் கை நிற்கவில்லை. முடைந்தாள், பிரித்தாள், மறுபடி முடைந்தாள். எட்டாம் நாள் விரல் பத்தும் வெட்டுக்காயம். ஆற்றங்கரைப் பனிச்ச மரத்துக் காயை இடித்துப் பிழிந்து, அந்தப் பிசினைக் காயத்தில் தடவிக்கொண்டாள். அது கறுத்துக் காய்ந்தது. செம்புத் தண்ணீரில் கையை விட்டு எடுத்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது. விரல் நனையவில்லை. பிசின்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

சடைச்சி விரலைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள்.

"மருதா! மரத்துல ஒரு காய் விடாம உலுக்கிக் கொண்டா!"

பத்தாம் நாள் ராஜா வந்தான், ராணி வந்தாள், ஊரே வந்தது. கூடைக்காரத் தெரு மூட்டை கட்டித் தோளில் வைத்துக்கொண்டே வந்தது. சடைச்சி கறுப்பாக மின்னும் கூடையோடு குளத்தில் இறங்கினாள். இது மூன்றாவது. எண்ணிக்கை சரிதானே? மொண்டாள். ஓடவில்லை. ஒவ்வொரு படியாக, கல்யாணப் பெண் மாதிரி நடந்து வந்து, ராஜாவின் எதிரே நின்றாள். ஒரு சொட்டு விழவில்லை.

வல்லபனுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. "மோசடி! உள்ளே குடம் இருக்கிறது!" என்று பாய்ந்தான். கூடையைப் பிடுங்கினான். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தலைக்குமேல் தூக்கினான். கவிழ்த்தான்.

தொப்பென்று அத்தனை தண்ணீரும் அவன் தலையில்.

"பார்த்தீர்களா அத்தான்? உள்ளே ஒன்றுமே இல்லை, தண்ணீரும் இல்லை!" என்றான் மூச்சுத் திணற.

"ஒன்றுமே இல்லையா?" என்றான் ராஜா. "பிறகு உன் மீசையில் சொட்டுவது என்ன?"

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் முதலில் ராணியைப் பார்த்தான். ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதற்குப் பிறகுதான் ராஜா சிரித்தான், ஊர் சிரித்தது, காவல்காரர்கள் மேகம் பார்க்காமலே சிரித்தார்கள். தோளில் இருந்த மூட்டைகள் இறங்கின. காத்தாயி தன் மூட்டையைப் போட்டுவிட்டுச் சடைச்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆனால் நனைந்த தலையோடு போன வல்லபன் திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டே போனதைச் சடைச்சி கவனித்தாள். நாளைக்கு வேறு சட்டம் போடுவான். அதனால் அவன் தலை காய்வதற்குள் தெருப் பெண்கள் முப்பத்திரண்டு பேரையும் பனிச்ச மரத்தடியில் கூட்டி, பின்னலையும் பிசினையும் கற்றுக்கொடுத்தாள். அதுவும் போதாதென்று, வல்லபன் கவிழ்த்த அந்த மூன்றாவது கூடையைக் கழுவி, அது நிறைய மல்லிகையை நிரப்பி, ராணிக்குக் காணிக்கையாக அனுப்பிவைத்தாள். மறுநாளிலிருந்து ராணி தன் பூச்செடிகளுக்கு அந்தக் கூடையில்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அக்காளின் கையில் இருக்கும் கூடையைப் பற்றி வல்லபன் எப்படி வாயைத் திறப்பான்?

தன்னால் முடியும் என்று நம்பி, விரல் பத்தும் வெட்டுப்பட்டாலும் விடாமல் உழைக்கிறவளுக்கு, மற்றவர்கள் சிரித்த காரியமும் ஒருநாள் கைகூடும்.